சட்டமன்றக் குழுவுக்கு நான் சுத்திக் காட்டின பள்ளிக்கூடம்

நான் டூரிஸ்ட் வண்டி ஓட்டறவனுங்க. குன்னூர், கோத்தகிரி, ஊட்டின்னு இதுக்குள்ளயே என்ற பொழப்பு ஓடிருச்சு. எங்க தொழில்ல ஒரு சூட்சுமம் இருக்குது. சக டிரைவருக எல்லாத்துக்கும் தெரியும், பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்கு மட்டும் தெரியாது. "டிரைவர், நல்ல சாக்லேட் எங்க கெடைக்கும்?"னு கேப்பாங்க. உடனே கடை பேரச் சொல்லிரக் கூடாது. சொன்னா, இவனுக்குக் கமிஷன் போல இருக்குதுன்னு மொகத்தச் சுளிப்பாங்க. நான் என்ன பண்ணுவேன், தலையச் சொறிஞ்சுட்டு, "ஒரு எடம் இருக்குதுங்க, ஆனா உங்களுக்கு வேண்டாங்க, பார்க்கிங் கஷ்டம், கூட்டமா இருக்கும்"பேன். அவ்வளவுதான். "அட, அங்கயே போப்பா!"ன்னு அவுங்களே பிடிவாதம் பிடிப்பாங்க. கடைக்காரரு எனக்குத் தனியா டீ குடுத்து, கமிஷனையும் கையில வெச்சு அனுப்புவாரு. இதுல யாருக்கும் நட்டமில்லைங்க. சாக்லேட்டும் நல்ல சாக்லேட்டுதான்.

இதைய எதுக்குச் சொல்றேன்னா, போன சீசன் முடிஞ்சு மழையும் ஓய்ஞ்சிருந்த சமயத்துல எங்க ஓனர் ஒரு சவாரி குடுத்தாரு. பெரிய டிராவலர் வண்டி, கோயமுத்தூர் ஏர்போர்ட்ல ஏத்தி, மலையெல்லாம் சுத்திக் காட்டி, திரும்பக் கொண்டு போய் விடோணும். வர்றவங்க சட்டமன்றக் குழு. பள்ளிக்கூடங்களுக்குப் புதுசா ஒரு மசோதா கொண்டு வர்றாங்களாம், அதுக்கு முன்னாடி மலைப்பகுதிப் பள்ளிக்கூடமெல்லாம் நேர்ல பாக்கறாங்களாம். குழுவுக்குத் தலைவி ஒரு எம்.எல்.ஏ. அம்மா. நல்ல வாட்டசாட்டமா, கணீர்னு பேசறவங்க. கூட நாலஞ்சு உறுப்பினருக. அரசாங்கப் பயணம்னுதான் பேரு. ஆனா ரூம் போட்டது, சாப்பாடு சொன்னது, வண்டி பிடிச்சது, எந்தெந்தப் பள்ளிக்கூடத்தப் பாக்கோணும்னு முடிவு பண்ணினது எல்லாமே ஒரே ஆளு. அவரு எம்.எல்.ஏ.வும் இல்ல, அதிகாரியும் இல்ல. பாடம் நடத்தற டி.வி. விக்கிற ஒரு கம்பெனியோட ஆளு. கழுத்துல மஃப்ளர், வாய் நெறையச் சிரிப்பு. அவரக் கம்பெனிக்காரர்னே சொல்றேன், பேரு நமக்கெதுக்கு.

மலை ஏர்ற வழியில, பர்லியார்ல வண்டிய நிறுத்தினேன். எல்லாரும் எறங்கிப் பழம் வாங்கப் போயிட்டாங்க. நான் கண்ணாடி தொடச்சுட்டு இருக்கேன். கம்பெனிக்காரர் என் பக்கத்துலயே நின்னு போன்ல பேசறாரு. டிரைவர்னா காது கெடையாதுன்னு எல்லாருக்கும் ஒரு நெனப்புங்க. "மூணாவது பிரிவு நாம எழுதிக் குடுத்ததுதான் சார், ஒரு கமா கூட மாத்தல. புள்ளைங்க கம்மியா இருக்கற ஸ்கூலப் பக்கத்து ஸ்கூலோட இணைச்சுட்டா, காலிக் கட்டடம் நம்ம கைக்கு வந்துரும். நம்ம டி.வி., நம்ம சென்டர்... இல்ல சார், நான் வாயே தொறக்கல. மேடமே கேட்டாங்க, இதுக்கு என்னதான் வழின்னு. நான் வேண்டாம் மேடம், செலவாகும்னுதான் சொன்னேன். அவங்களே பிடிவாதமா..."

கையில இருந்த துணி அப்பிடியே நின்னு போச்சு. அட நம்ம ஆளு! அச்சு அசல் என்ற தொழிலுங்க இவரு பண்றது. நான் சாக்லேட் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன், இவரு சட்டசபையவே கூட்டிட்டுப் போறாரு. மொதல்ல எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. கொஞ்சம் மரியாதையும் வந்துச்சுன்னு சொல்றதுல என்ன வெக்கம். அப்பறந்தான் அவரு சொன்னது மண்டைல ஏறுச்சு. புள்ளைங்க கம்மியா இருக்கற பள்ளிக்கூடம்னாரே. என்ற புள்ள படிக்கிறதும் அப்பிடிப்பட்ட ஒண்ணுலதானுங்க.

நாங்க இருக்கறது கீழ் கோத்தகிரிப் பக்கம், ஒரு எஸ்டேட் லயத்துல, அதான் தோட்டத்து ஆளுகளுக்கு வரிசையாக் கட்டி விட்ட ஊடுகள்ல. ஊடு என்ற ஊட்டுக்காரியோட வேலைக்குக் குடுத்தது. அவ தேயிலைக் கொழுந்து பறிக்கறவ. அவ அப்பன் ஆத்தா சிலோன் தோட்டத்துல இருந்து வந்தவங்க. நான் கோயமுத்தூர்க்காரன், கட்டிக்கிட்டு இங்கயே ஒட்டிக்கிட்டேன். லயத்துக்கு மேல, ஏத்தத்துல ஒரு அரசாங்கத் தொடக்கப்பள்ளி இருக்குது. எங்க பொண்ணு நாலாவது படிக்கிறா. பென்சில மறந்துட்டுப் போனா, மணி அடிக்கறதுக்குள்ள ஓடி வந்து எடுத்துட்டு ஓடற தூரம். பெரிய பள்ளிக்கூடம் வேணும்னா பஸ் ஏறிப் போகோணும். பஸ் வர்ற நேரத்துக்குப் பொம்பளைங்க எல்லாம் மலையில கொழுந்துக்குப் போயிருப்பாங்க. சாயங்காலம் திரும்பற நேரத்துல ரோட்டுல காட்டுமாடு நிக்கும், கரடி எறங்கும். பள்ளிக்கூடத்த மூடினா பசங்க எப்பிடியோ போயிருவானுக. பொட்டப்புள்ளைகள ஊட்டுல நிறுத்திருவாங்க. இது எங்க லயத்துல எல்லாத்துக்கும் தெரிஞ்ச விசயம்.

அன்னிக்கு எல்லாரையும் குன்னூர் ஓட்டல்ல எறக்கி விட்டுட்டு ஊட்டுக்கு வந்து ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "ஏனுங்க, ஊர்ல இருக்கறவனையெல்லாம் ஏமாத்திக் கடை கடையாக் கூட்டிட்டுப் போறீங்களே, இவங்களை நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வரத் துப்பில்லையா?"

துப்பு இருக்குதா இல்லையான்னு காட்டிர்றேன்னு கெளம்பினேன். பள்ளிக்கூடம் விடற நேரம். அங்க இருக்கறது ஒரே டீச்சர்தான். அஞ்சு கிளாசுக்கும் அவுங்களேதான். வெடுக்குனு பேசறவங்க. பாக்க வந்த அதிகாரிகிட்ட, "சார், கக்கூசுக்குக் கதவு கேட்டு எழுதினேன், நீங்க சுற்றறிக்கை அனுப்புனீங்க, அதைக் கதவா மாட்ட முடியாதுங்க"ன்னு சொன்னவங்க. அந்தக் கதவு வந்து சேந்துச்சுங்க. எங்க பொண்ணு மூணாவது வரைக்கும் எழுத்துக் கூட்ட மாட்டாம முழிச்சுட்டு இருந்தா. பக்கத்துல உக்கார வெச்சு, அதட்டி, கொஞ்சி டீச்சர் சொல்லிக் குடுத்ததுல, இப்ப என்ற வண்டி நம்பர் பிளேட்ல இருந்து மருந்துக்கடை போர்டு வரைக்கும் ஒண்ணு விடாமப் படிக்கிறா. எல்லாம் அந்தம்மா கைங்கரியம்.

"டீச்சர், நாளைக்கு எம்.எல்.ஏ. அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்"னேன்.

"வரட்டும். நல்லா நாலு கேள்வி கேக்கறேன்"னாங்க.

நான் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். "ஐயோ, அதான் வேண்டாங்கறேன். நீங்க பேசுனீங்கன்னா காரியம் கெட்டுப் போயிரும். வர்றவங்க சட்டமன்ற உறுப்பினருக. கேள்வி கேட்டாக் கோவம் வரும். நான் தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், டூரிஸ்டுக்கு எடத்தைக் காட்டோணும், ஆளைக் காட்டக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி பள்ளத்தாக்கு, முன்னாடி தேயிலை, புள்ளைங்க வரிசையா நின்னு பாட்டு. அவங்க மனசு கரைஞ்சுரும். நீங்க கொஞ்ச நேரம் சத்துணவுக் கூடத்துல இருந்துக்கங்க."

டீச்சர் என்னைய ஏற எறங்கப் பாத்தாங்க. "அப்ப நான் ஒளிஞ்சுக்கோணும். உங்க சீனரி பாடம் நடத்தும். அப்பிடித்தானுங்க?"

"ஒரு அரைமணி நேரந்தானுங்க டீச்சர். பள்ளிக்கூடம் நிக்கோணும்ல?"

"பள்ளிக்கூடம் நிக்கோணும்"னு அவுங்களும் சொன்னாங்க. கொஞ்ச நேரம் கரும்பலகையத் தொடச்சுட்டு இருந்தாங்க. "செரி போங்க. புள்ளைங்களுக்காக ஒத்துக்கறேன்"னாங்க. நான் ஜெயிச்சுட்டேன்னு குதிச்சுட்டு எறங்கி வந்தேன்.

லயத்துல அன்னிக்குச் சாயங்காலம் ஒரே திருவிழாதான். பொம்பளைங்க எல்லாரும் வாளியத் தூக்கிட்டு மேல போய்ப் பள்ளிக்கூடத்தைக் கழுவி விட்டாங்க. யாரோ மஞ்சப் பூவும் ஊதாப் பூவுமாக் கொத்துக் கொத்தாக் கொண்டு வந்து ஜன்னல்ல சொருகினாங்க. எங்க பொண்ணுகிட்ட, "நாளைக்கு நான் வருவேன், அப்பான்னு கூப்பிட்டறாத சாமி, நான் வெறும் டிரைவர்"னு சொல்லி வெச்சேன். அவளுக்கு அது பெரிய வெளையாட்டாப் போச்சு. ராத்திரிச் சோத்துக்கே, "டிரைவர் சார், இன்னொரு கரண்டி போடட்டுங்களா?"ன்னு ஆரம்பிச்சுட்டா.

மறுநாள் காலைல கம்பெனிக்காரரோட சுத்துலா. மொதல்ல ஒரு தனியார் பள்ளிக்கூடம். சுவரு பூராவும் டி.வி. புள்ளைங்க கோட்டு போட்டுட்டு நிக்குதுக. எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. அடுத்தது ஊட்டிக்கு அந்தாண்ட, எப்பவோ மூடிப்போட்ட ஒரு பழைய கட்டடம். ஓடு எறங்கிக் கெடக்குது, உள்ள ஆட்டுப் புழுக்கை. "இதுதான் மேடம் இன்னைக்கு மலைப்பகுதி அரசுப் பள்ளிகளோட நெலமை"ன்னு கம்பெனிக்காரர் தொண்டை கம்மச் சொல்றாரு. எம்.எல்.ஏ. அம்மா முந்தானையால மூக்கைப் பொத்திட்டாங்க. அந்தக் கட்டடம் பள்ளிக்கூடமா இருந்ததுக்கப்பறம் உருளைக்கெழங்கு குடோனா இருந்துச்சுன்னு மலையில வண்டி ஓட்டற எவனைக் கேட்டாலும் சொல்லுவான். எவனும் கேக்கல. மனுசன் என்ன தெறமைங்கறீங்க! என்ற வாழ்க்கைல நான் கூட எந்த டூரிஸ்டையும் இப்பிடிக் குடோனுக்குக் கூட்டிட்டுப் போய் அழ வெச்சதில்ல.

மத்தியானத்துக்கு மேல கோடநாடு காட்சிமுனைக்குப் போறதாத் திட்டம். கோத்தகிரி வந்ததும் வண்டிய ஓரங்கட்டினேன். "குளுருக்குச் சூடா டீ குடிச்சுட்டுப் போலாங்கம்மா"ன்னு எல்லாருக்கும் டீ. அப்பறம் இன்னொரு டீ. கூட மொறுமொறுன்னு ஊட்டி வர்க்கி பிஸ்கட். தண்ணி பாட்டிலும் நானே வாங்கி நீட்டினேன். "நல்ல டிரைவர்ப்பா, எவ்வளவு பொறுப்பு!"ன்னு எம்.எல்.ஏ. அம்மா மெச்சிக்கிட்டாங்க. மலைக்குளுரும் டீயும் சேந்தா என்ன ஆகும்னு வண்டி ஓட்டறவனுக்குத்தான் தெரியும். எங்க தொழில்ல பாதி யாவாரமே கக்கூசை நம்பித்தானுங்க நடக்குது. எந்தக் கடைல சுத்தமான கக்கூஸ் இருக்குதோ அங்கதான் டூரிஸ்டு எறங்குவான்.

பிரிவு ரோட்டுக்கிட்ட வந்ததும் வண்டிய மெதுவா உருட்டினேன். "கோடநாட்டுல இப்ப மேகம் கட்டியிருக்குமுங்க. கைய நீட்டினாக் கை தெரியாது"ன்னேன். பச்சைப் பொய். வெயிலு பளிச்சுன்னு கெடக்குது.

"அடடா! வேற எடம் இல்லியாப்பா?"

"கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எடம் இருக்குதுங்க. ஆனா உங்களுக்கு வேண்டாங்கம்மா. டூரிஸ்டே போகாத எடம். ரோடு குறுகலு."

"டூரிஸ்ட் போகாத எடந்தான்யா வேணும்! திருப்பு வண்டிய."

கம்பெனிக்காரர் முன்சீட்டுல இருந்து என்னையத் திரும்பிப் பாத்தாரு. ஒரே தொழில்காரன் இன்னொருத்தனைப் பாக்கற பார்வைங்க அது. நான் ரோட்டைப் பாத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் நான் எதிர்பாத்தது நடந்துச்சு. பின்னாடி குசுகுசுன்னு பேச்சு. அப்பறம் எம்.எல்.ஏ. அம்மா கொஞ்சம் சங்கடமா, "ஏப்பா, பக்கத்துல பாத்ரூம் எங்கயாச்சும்..."னாங்க.

"ஓட்டலுக்கே போயிரலாம் மேடம், இங்கெல்லாம் சுத்தமா இருக்காது"ன்னு கம்பெனிக்காரர் முந்திக்கிட்டாரு.

"சுத்தமா ஒண்ணு இருக்குதுங்க, கதவு கூடப் புதுசு. ஆனா அது அரசாங்கப் பள்ளிக்கூடம். உங்களுக்குச் சேராதுங்கம்மா"ன்னேன்.

"அரசாங்கப் பள்ளிக்கூடம்னா எனக்கென்னய்யா சேராது? நானே அதுல படிச்சவதான். போ!"

இப்பிடியாகத்தான் சட்டமன்றக் குழு எங்க லயத்துக்கு மேல வந்து எறங்குச்சு. அம்மா மொதல்ல போக வேண்டிய எடத்துக்குப் போயிட்டு, மொகங் கழுவிட்டு வந்து நிமுந்து பாத்தாங்க. பாத்தவங்க அப்பிடியே நின்னுட்டாங்க. பின்னாடி பள்ளத்தாக்குல மேகம் படுத்துக் கெடக்குது. முன்னாடி கண்ணுக்கெட்டின வரைக்கும் தேயிலை. ஜன்னல்ல பூவு. உள்ள இருந்து புள்ளைங்க வாய்ப்பாடு சொல்ற சத்தம். எனக்கே கண்ணு கலங்கிருச்சுங்க, தெனமும் பாக்கற எடந்தான்.

வாசல்ல எங்க பொண்ணு நிக்கிறா. "வணக்கம் அம்மா. வணக்கம் ஐயா"ன்னு எல்லாரையும் கும்பிட்டா. கடைசியா என்னையப் பாத்து, "வணக்கம் டிரைவர் சார், உள்ள வாங்க, செருப்பைக் கழட்டிட்டு வாங்க"ன்னா பாருங்க! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உள்ள அஞ்சாவது படிக்கிற புள்ள ஒண்ணு மத்ததுகளுக்குப் படிச்சுக் காட்டிட்டு இருந்துச்சு. ரெண்டாவது வரைக்கும் தனியா ஒரு வட்டம், அதுக்கு எங்க பொண்ணு பொறுப்பு. டீச்சர் ஒரே ஆளா இருக்கறதால பெருசுக சிறுசுகளுக்குச் சொல்லிக் குடுக்கறதுன்னு அவுங்க வருசக்கணக்காப் பழக்கி வெச்சிருந்தாங்க. ஒரு சத்தம் கெடையாது, ஒரு சண்டை கெடையாது. எம்.எல்.ஏ. அம்மா ஒரு பொடுசக் கூப்பிட்டு கணக்குக் கேட்டாங்க. வெரல் விட்டு எண்ணிட்டு டக்குனு சொல்லிருச்சு. இன்னொண்ணு பேப்பரை எடுத்து வெச்சுக் கடகடன்னு வாசிச்சுது.

"டீச்சர் எங்கம்மா?"ன்னு கேட்டாங்க அம்மா.

புள்ளைங்க கண்ணெல்லாம் சத்துணவுக் கூடத்துப் பக்கம் போச்சு. டீச்சர் கதவுக்கு அந்தப் பக்கந்தான் நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். வெளிய வந்து அந்தக் கக்கூஸ் கதவுக் கதைய ஆரம்பிச்சாங்கன்னா நான் செத்தேன். சட்டுனு முன்னாடி போயி, "உள்ள வேலையா இருக்காங்கம்மா. இங்க புள்ளைங்க அதுகளாவே படிச்சுக்குமுங்க"ன்னேன்.

சத்துணவுக் கூடத்துல டங்குன்னு ஒரு குண்டா கீழ விழுந்துச்சு. விழுந்துச்சா, போட்டாங்களான்னு நான் யோசிக்கல.

"அதுகளாவேவா!"ன்னு எம்.எல்.ஏ. அம்மா கன்னத்துல கை வெச்சுட்டாங்க. அது வரைக்கும் மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு மூலைல நின்ன கம்பெனிக்காரர் தலையத் தூக்கினாரு. என்னையப் பாத்து அழகாச் சிரிச்சாரு. தோத்துப் போன சிரிப்புன்னு நான் நெனச்சேன். "ஆமா மேடம், நீங்களே கண்ணால பாக்கறீங்க"ன்னு மெதுவா ஒரு வார்த்தை சொன்னாரு.

திரும்பற வழியெல்லாம் எம்.எல்.ஏ. அம்மா எங்க பள்ளிக்கூடத்தப் பத்தியேதான் பேசிட்டு வந்தாங்க. "இதை எப்படிய்யா மூடறது? மனசு வருமா?"ன்னு ஒவ்வொருத்தரையாக் கேட்டாங்க. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டு உள்ளுக்குள்ள விசிலடிச்சுட்டு வந்தேன்.

மசோதா சட்டமாச்சு. பேப்பர்ல பெரிய எழுத்துல வந்துச்சு, மலைப்பகுதிப் பள்ளிகள் மூடப்படாதுன்னு. ஸ்டாண்டுல என்னையத் தோள்ல தூக்காத கொறைதான். ஒரு டிரைவர் மூணாவது பிரிவையே திருப்பிப் போட்டுட்டான்னு பேச்சு. நான் ஒரு கூடை வர்க்கி வாங்கிட்டுப் போய் லயம் பூராவும் குடுத்தேன். என்ற ஊட்டுக்காரி கூட அன்னிக்கு என்னையத் திட்டல. டீச்சருக்கும் ஒரு பொட்டலம் கொண்டு போனேன்.

அவுங்க பேப்பரை விரிச்சு வெச்சு உக்காந்திருந்தாங்க. "முழுசாப் படிச்சீங்களா?"ன்னு கேட்டாங்க.

"தலைப்பைப் படிச்சேன், அது போதாதுங்களா?"

அவுங்க எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. குரலு ஏறவுமில்ல, எறங்கவுமில்ல. மலைப் பள்ளிக்கூடம் எதையும் மூடப் போறதில்லையாம். இணைக்கவும் போறதில்லையாம். அங்கெல்லாம் புள்ளைங்க தாங்களாவே படிக்கிறதைக் குழு நேர்ல பாத்துச்சாம். அதனால அந்த மாதிரி எடத்துக்கு டீச்சர் கட்டாயம் இல்லையாம். கம்பெனி டி.வி. குடுக்கும், பாடமும் அதுலயே வரும், பாத்துக்க ஒரு உதவியாளர் போதுமாம். அங்க இருக்கற டீச்சருக எல்லாம் உபரியாம். பணி நிரவல்ல மலைக்குக் கீழ, சமவெளிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்களாம்.

வர்க்கிப் பொட்டலத்தைக் கையில வெச்சுட்டு நிக்கறேன், மேசை மேல வெக்கறதா திரும்பக் கொண்டு போறதான்னு தெரியல. திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டியிருந்தா எவ்வளவோ தேவலாம். அவுங்க பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, புள்ளைங்க நோட்டைத் திருத்த எடுத்துக்கிட்டாங்க.

அதுக்கும் சேத்து என்ற ஊட்டுக்காரி திட்டினா. "பள்ளிக்கூடத்தக் காட்டச் சொன்னா, பூவையும் பள்ளத்தாக்கையும் காட்டியிருக்கீங்க! சொல்லிக் குடுக்கற மகராசியச் சட்டி பானையோட பூட்டி வெச்சீங்களே, உங்களுக்கு மண்டைல மூளை இருக்குதா, இல்ல அதுலயும் டீசலா?"ன்னா. கட்டடத்தைக் கேட்டோம், கட்டடத்தைக் குடுத்துட்டாங்க. டீச்சர் வேணும்னு எங்கள்ல ஒருத்தரும் வாயத் தொறந்து கேக்கல. கேக்க வந்தவங்களையும் நாந்தான் உள்ள உக்கார வெச்சேன்.

டீச்சர மேட்டுப்பாளையத்துக்கு அந்தாண்ட மாத்திப் போட்டாங்க. சாமானை ஏத்திக்கிட்டு நாந்தான் கொண்டு போய் விட்டேன். எறங்கறப்ப, "உங்க பொண்ணுக்கு வகுத்தல்ல மீதி வந்தாக் கொழப்பம் வரும், பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கோணும்"னு மட்டும் சொன்னாங்க. எனக்கு வகுத்தல் வராதுங்க. செரிங்க டீச்சர்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். பெயின்ட் அடிக்கறதுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தாங்க, டீச்சர் எங்கேன்னு கேட்ட பொண்ணுகிட்ட, அன்னிக்கு மாதிரியே உள்ள வேலையா இருக்காங்கன்னு சொல்லி வெச்சேன்.

டி.வி. திறப்பு விழாவுக்கு லயமே போயிருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கு ரோஸ் கலர் பெயின்ட், வாசல்ல பலூன், கம்பெனி பேரு போட்ட பெரிய போர்டு. கம்பெனிக்காரர் என்னையத் தேடி வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. "நல்ல எடம் காட்டினீங்க"ன்னாரு. கிண்டலாவே சொல்லலைங்க, நெசமாவே நன்றியோட சொன்னாரு. அதான் எனக்குத் தாங்கல.

ரிப்பன் வெட்டினாங்க. புள்ளைங்க வரிசையா உக்காந்துச்சுக. பெத்தவங்க எல்லாம் ஜன்னலுக்கு வெளிய. டி.வி.ல ஒரு அழகான பொண்ணு வந்து கணக்கு நடத்துச்சு. நல்லாத்தான் நடத்துச்சு, குத்தம் சொல்லக் கூடாது. கலர் கலரா ஆப்பிள் வருது, அதைப் பங்கு போடுது, ஒண்ணு மிச்சம் நிக்குது. அப்பறம் அந்தப் பொண்ணு சிரிச்சுட்டே, "யாருக்காவது சந்தேகம் இருக்கா, குழந்தைகளே?"ன்னு கேட்டுச்சு.

எங்க பொண்ணு கையத் தூக்கினா.

டி.வி.ல இருக்கற பொண்ணு கொஞ்ச நேரம் சிரிச்சுட்டே பாத்துச்சு. "மிக நன்று! எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு!"ன்னுது. பாட்டுப் போட்டாங்க. கம்பெனிக்காரர் கை தட்டினாரு, அவரைப் பாத்து எல்லாரும் தட்டினாங்க. உதவியாளர்னு போட்டிருந்த பொண்ணு ரிமோட்டைப் பாத்துட்டு இருக்குது. எம்புள்ள கை எறங்கல. இன்னும் டி.வி.யப் பாத்துட்டே தூக்கி வெச்சிருக்கா.

செருப்போடயே உள்ள போயிட்டேன். பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, "என்ன சாமி, என்ன கேக்கோணும்? என்கிட்டக் கேளு, நான் சொல்றேன்"னேன்.

அவ என்னையப் பாத்தா. அப்பறம் சத்துணவுக் கூடத்துக் கதவைப் பாத்தா.

"உங்களுக்குத் தெரியாதுங்கப்பா"ன்னா. "டீச்சர வெளிய வரச் சொல்லுங்க."